பரணில் ஏறிய ஷூ

இசக்கிபாண்டிக்கு எதையும் பத்திரப்படுத்தி வைக்காவிட்டால் தூக்கம் வராது. ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தபோது கொடுத்த சேஃப்டி ஷூவைக்கூட அவன் போடவில்லை. சுங்குவார்சத்திரத்தில் பழைய ஷூ ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, புதியதைப் பெட்டியோடு பாலிதீன் கவரில் கட்டி, பிள்ளைப்பாக்கம் அறையின் பரண்மேல் ஏற்றிவிட்டான். பெர்மனென்ட் தேர்வு அன்றைக்குத்தான் அதைப் போடுவானாம். அறைக்கூட்டாளிகள் கேலி செய்து ஓய்ந்துபோனார்கள்.

மனைவி பேச்சி விஷயத்திலும் இதே கதைதான். கல்யாணமாகி மூன்று வருஷமாக அவள் சங்கரன்கோவிலில் தாய்வீட்டில் இருந்தாள். பெர்மனென்ட் ஆனதும் தனி வீடு பார்த்துக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய் அதையே சொல்லிவிட்டு வருவான். பாவம், அவளும் தலையாட்டுவாள்.

வேலையில் சேர்ந்து நான்கு மழைக்காலம் போயிற்று. அந்த அறையில் துவைத்த துணி காய மூன்று நாள் ஆகும், சுவரெல்லாம் பூசணம். ஒருவழியாகத் தேர்வுக்கு அவன் பெயர் வந்தது. சூப்பர்வைசர் ராஜசேகர் முன்னால் லைனில் ஒரு மணி நேரம் வேலை செய்து காட்ட வேண்டும். காலையில் கவரைப் பிரித்தான். ஷூ பளபளவென்றுதான் இருந்தது.

கேட்டிலிருந்து லைனுக்குப் போவதற்குள் நடை என்னவோபோல் ஆயிற்று. திரும்பிப் பார்த்தால் வழியெல்லாம் கறுப்புத் துணுக்குகள். லைனில் காலை ஊன்றியதும் வலது சோல் மண்கட்டி மாதிரி உதிர்ந்து தரையிலேயே தங்கிவிட்டது.

"இன்னாயா இது?" என்றார் ராஜசேகர்.

"புதுசு சார். இன்னைக்குத்தான் மொத தடவ போடுதேன்."

அவர் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினார். பொடியாகிவிட்டது. "எத்தினி வருசமா வச்சிகினு இருந்தே?"

"நாலு வருசம் சார். கவரக்கூடப் பிரிக்கல."

"இது செயற்கை ரப்பருயா. போட்டாலும் போடாட்டியும் ஈரக்காத்து உள்ள பூந்து அரிச்சிகினே இருக்கும். போட்டு நடந்திருந்தா, தேயற வரைக்குமாவது ஒழைச்சிருக்கும்."

ஸ்டோரில் அவன் அளவு ஷூ இல்லை. பழையது அறையில் கிடந்தது, போய் எடுத்துவர நேரமில்லை. ஷூ இல்லாமல் லைனில் நிற்க விடமாட்டார்கள். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்துத்தான்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தான். அழுகை வந்தது, அழுதான். ராஜசேகர் சொன்னதே திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சிக்குப் போன் போட்டான்.

"என்னங்க, பெர்மனென்ட் ஆயிட்டா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"இல்லட்டி. இன்னும் ஆறு மாசம் ஆவுமாம்."

சோல் போன ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.

"நீ பொறப்பட்டு வா, பேச்சி. வீடு இன்னைக்கே பாக்கேன்."



"இத மூணு வருசத்துக்கு முன்னாலயே சொல்லிருக்கலாம்லா?"