வீடியோ எடுத்தவனின் அம்மா

பிள்ளைகளா, சமயநல்லூர் போக என் ஆட்டோவில் ஏறிய அந்த ஜப்பான் பெண்ணுக்கு மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. எதையும் போனில்தான் பேசுவாள். அது தமிழில் மாற்றிச் சொல்லும்.

அவர்கள் நாட்டு இளவட்டங்கள் ஒரு வருஷம் ஆஸ்திரேலியா போய், வேலை செய்துகொண்டே ஊர் சுற்ற விசா உண்டாம். இவள் அங்கே ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கப் போயிருக்கிறாள். வெயிலில் மயங்கி விழுந்தவளைத் தூக்காமல், நம்மூர்க்கார மேஸ்திரி சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்து, கூட வேலை செய்த எல்லோருக்கும் அனுப்பினானாம்.

"அம்மாவுக்கு மட்டும்தான் பயப்படுவேன் என்று அவனே சொன்னான். அதனால் வந்தேன்" என்றது போன்.

வீட்டைக் கண்டுபிடித்தோம். வீடியோவில் மகனின் சிரிப்பைக் கேட்டதும் அந்த அம்மா உடனே அவனுக்கு வீடியோ கால் போட்டார்.

"எந்திரிச்சு நின்னு அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேளுடா. விழுந்தவளப் பாத்து சிரிக்கவா ஒன்னய அம்புட்டுத் தூரம் அனுப்புனேன்?"

அவன் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். அவள் அதைத் தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில், "மன்னிச்சிட்டியாம்மா?" என்றேன்.

"இல்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்."

இதிலிருந்து உங்களுக்கு என்ன புத்தி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன்.