பழைய வீட்டில் ஆறு பேருக்கு அனுமதி

மாசி மகத்துக்கு முந்தின நாள் காலை எழும்பூரில் ரயில் ஏறினோம்: நான், கணவர், தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. பதினொரு மணிக்கு விருத்தாசலம் ஜங்ஷன். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். "திருவிழா நேரம்மா, இன்னிக்கு இதான் ரேட்டு" என்றார் ஓட்டுநர்.

இறங்கிய இடம் பழமலைநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த வீடு. பீங்கான் கம்பெனிச் சம்பளத்தில் அப்பா கட்டியது. அவர் போன பிறகு விற்றுவிட்டோம். வாங்கியவர் இப்போது நாள் வாடகைக்கு விடுகிறார், ஓர் இரவுக்கு மூவாயிரம். ஒரு ராத்திரியாவது அங்கே படுத்து எழ வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அதற்காகத்தான் வந்தோம்.

வாசலிலேயே இப்போதைய வீட்டுக்காரர் தலைகளை எண்ணினார். "ஆறு பேருன்னுதானே மேடம் போன்ல சொன்னீங்க? ஏழு பேரு வந்திருக்கீங்களே?"

உண்மைதான். நான் அம்மாவை எண்ணவே இல்லை. அது அம்மாவின் வீடு. அவளைப் போய் யாராவது விருந்தாளிக் கணக்கில் சேர்ப்பார்களா? என் புத்தி அப்படித்தான் போயிருக்கிறது.

"மூணு ரூமு, ரூமுக்கு ரெண்டு பேருன்னுதான் பர்மிஷன் குடுத்திருக்காங்க. திருவிழான்னா போலீஸு வந்து பாப்பாங்க. பகல்ல எத்தினி பேரு வேணா இருங்க, ராத்திரிக்கு ஆறு பேருதாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகம் என்றால் சுற்றுவட்டாரத்துச் சேத்தியாத்தோப்பு, மங்களூர்ச் சொந்தமெல்லாம் இதே கூடத்தில் நெருக்கியடித்துப் படுக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால் யார் காலையாவது மிதிக்காமல் போக முடியாது. அந்த நெரிசலுக்கு மனம் ஏங்கியது. ஆனால் பர்மிஷன் போனால் அந்த மனிதரின் பிழைப்பும் போய்விடும். அவரை என்ன சொல்வது?

மாலை முழுக்க அம்மா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டதும் தம்பி பையை எடுத்தான். "நான் ஸ்டேஷன் பக்கத்துல லாட்ஜுல படுத்துக்கறேன்."

அம்மா எழுந்து செருப்பைத் தேடினாள். "இருடா, நானும் வரேன்."

"ஏம்மா, இதுக்காகத்தானே வந்தோம்!" என்றேன்.

"மகத்துக்கு வந்தவங்க ஒருத்தரையும் நான் இந்த வூட்டுலேருந்து வெளிய அனுப்பினதில்ல. எம்புள்ளய அனுப்பிட்டு எனக்குத் தூக்கம் வருமா?"

வீட்டுக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. "காலையில காப்பிக்கு இங்கயே வந்துடுங்கம்மா" என்றார்.

அம்மா அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். "போயிட்டு வரேங்க."

அந்த வாசலில் எத்தனையோ பேர் அம்மாவிடம் அப்படிச் சொல்லி விடைபெற்றதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் இப்போது ஐந்து பேர்தான் இருந்தோம். சட்டப்படி இன்னும் ஒருவர் தங்கலாம்.