மைனஸ் மழை

சுஜிதா அட்டுவம்பட்டியில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, மழைமானிகளுக்கு சி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட கருவி ஒன்று கவுஞ்சி என்ற மலையூருக்குக் கீழே பூண்டுத் தோட்டத்து ஓரத்தில் நின்றது. மூன்று நாள் மழை இருநூறு மில்லிமீட்டரைத் தாண்டினால், மண் சரியும் ஆபத்து என்று சைரன் ஊதும். சரிவிலிருக்கும் பதினாலு வீட்டுக்காரர்களும் மேலே பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும்.

நவம்பர் புயலின் மூன்றாம் நாள் காலையில் சைரன் ஊதியது. எல்லாரும் ஏறினார்கள். மதியம் தன் அறையில் சாப்பிட உட்கார்ந்த சுஜிதா, கருவியிலிருந்து அரை மணிக்கு முன் வந்த கணக்கைத் திரையில் பார்த்தாள். 327.60. அடுத்த வரியில், மைனஸ் 327.56.

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள்.

அந்த நிரலை முதலில் தாராபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்காக எழுதியிருந்தாள். அங்கே அவ்வளவு மழை கொட்டாது என்று, மொத்த மழைக் கணக்கைச் சின்ன எண் வகையில் வைத்திருந்தாள். முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழுக்கு மேல் அதில் கொள்ளாது; தாண்டினால் மைனஸுக்குப் புரண்டுவிடும். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து எண்ணும் கருவிக்கு அது முந்நூற்று இருபத்தேழு மில்லிமீட்டர்தான். மலைக்குக் கொண்டுவந்தபோது அதை மாற்றத் தோன்றவில்லை. மைனஸ் என்றால் இருநூறுக்குக் கீழே. சைரன் நின்றிருக்கும்.

அந்தச் சரிவிலேயே குடியிருந்து, கருவிப் பெட்டியின் சாவியை வைத்திருந்த ராக்காயியைப் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, சைரன் கேக்குதா?"

"அரமணி ஆச்சும்மா நின்னு. ஆபத்து போயிருச்சுன்னு எல்லாரும் எறங்கிட்டாக. நானும் அடுப்பு பத்த வச்சிட்டேன்."

"தப்பா நின்னுருச்சுக்கா! வெரசா எல்லாரையும் மேல ஏத்துங்க!"

"மாடு கன்னெல்லாம் கெடக்கேம்மா..."

இணைப்பு அறுந்தது. நிரலில் எண் வகையைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை மாற்ற அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதைக் கருவிக்கு அனுப்பத்தான் சிக்னல் இல்லை.

மாலை நாலரை மணிக்கு ராக்காயி போனில் பேசினாள். தோட்டமும் ஐந்து வீடுகளும் மண்ணுக்குள் போய்விட்டன. அவள் போட்ட கூச்சலில் மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். மாட்டை அவிழ்க்கத் திரும்பிய சேனாதிபதி என்பவரைத்தான் காணோம்.

இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. சுஜிதா பள்ளிக்கூடத்துக்குப் போய், அவர் மனைவி தேவசேனாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். "என் தப்புதாங்க."

தேவசேனா கேட்டாள், "இந்த மெஷின வேற எங்கயும் வச்சிருக்கீங்களா?"

"இன்னும் ஆறு எடத்துல. அங்கயும் சிக்னல் இல்லீங்க, நேர்ல போய்த்தான் மாத்தணும்."

"அங்கயும் மழ பேயுதா?"

"பேயுதுங்க."

"அப்ப இங்க எதுக்கு நிக்கிறீங்க?"

சுஜிதா மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். பாதி வழிகள் மண் சரிந்து அடைபட்டிருந்தன. அன்று பொழுது சாய்வதற்குள் அவளால் ஆறில் இரண்டு இடங்களுக்குத்தான் போய் நிரலை மாற்ற முடிந்தது.