மூன்று மணிச் சத்தம்

அந்தத் தெருவில் அவரைக் காத்துக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். பலூன் விற்கிறவர் என்றும் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர் என்றும் நினைத்து வந்து ஏமாந்தவர்கள் உண்டு. அவர் செய்வது, பந்தய பைக்குகளின் எஞ்சினில் சிலிண்டருக்கு மேல் உட்காரும் ஹெட்டைக் குடைகிற வேலை. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழிக்குப் போர்ட் என்று பெயர். வார்ப்பில் வந்த போர்ட் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை கிரைண்டரால் சீவிச் சீவி, காற்று முட்டாமல் மோதாமல் போக வழி செய்துகொடுத்தால் அதே எஞ்சின் கூடுதல் வேகம் காட்டும். எஞ்சினுக்கும் மூச்சுதானே பலம் என்பார். சொல்லிவிட்டு, என்னவோ வேதாந்தம் பேசிவிட்டதுபோல எதிராளியின் முகத்தைப் பார்ப்பார்.

இருபத்திரண்டு வருஷத் தொழில். அதில் பதினெட்டு வருஷம் இரண்டு பேர் செய்த தொழில். பட்டறை மூலையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் பழைய வாக்குவம் கிளீனர் மோட்டார்கள் நான்கு. ஹெட்டை மேலே பொருத்தி மோட்டாரைப் போட்டால் போர்ட் வழியாகக் காற்று இழுபடும். பக்கத்தில் உள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறி, எவ்வளவு காற்று போகிறது என்று காட்டும். அந்தத் தண்ணீரைப் பார்த்து நோட்டில் எழுதியது அவர் மனைவி. கொஞ்ச வருஷத்தில் அவளுக்குக் குழாயைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, வளைவில் காற்று சுவரை விட்டுப் பிரிகிறது என்று குரல் கொடுப்பாள். இவர் போய்ப் பார்த்தால் பிரிந்துதான் இருக்கும். கெட்ட போர்ட் கரகரக்கும், நல்ல போர்ட் ஒரே சீராக இழுக்கும், அவ்வளவுதான் அவள் படித்த படிப்பு. நோட்டில் பாதி அவள் கையெழுத்து, மீதி மஞ்சள் கறை.

நான்கு வருஷத்துக்கு முன்பு பட்டறையை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்று ஆனபோது, கடல் தாண்டி ஒரு வீட்டில், படுக்கையிலிருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் போனாள். இரண்டு வருஷ ஒப்பந்தம். அது முடிந்ததும் இன்னொரு இரண்டு வருஷம். பெரியவர் மதியம் தூங்குகிற நேரத்தில், இங்கே மணி மூன்றாகும்போது, அவளுக்கு அரை மணி ஓய்வு. அப்போது போன் வரும். காத்துக்காரர் இரண்டரைக்கே கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பார். அவள் இல்லாத வீடு அவரைத் தின்றது. ஆம்பிளை இதையெல்லாம் வெளியில் சொல்வானா என்று அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இந்த இரண்டாவது ஒப்பந்தமும் முடிகிற மாதத்தில்தான் ஒரு பந்தய அணி அவரைத் தேடி வந்தது. ஒரு ஹெட் கொடுத்தார்கள். அது சரியாக வந்தால் அணியின் எல்லா ஹெட்டும் இனிமேல் இவர் கையில்தான். தலைகால் புரியவில்லை அவருக்கு. அன்றைக்கே போனில், மறுபடி கையெழுத்துப் போடாதே, மாசக் கடைசி வரை இழுத்துப் பிடி என்றார். பார்க்கலாம் என்றாள்.

பேராசை பெருநஷ்டம் என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவர்தான். ஆனால் ஒவ்வொரு முறை சீவும்போதும் குழாயில் தண்ணீர் ஒரு கோடு ஏறியது. ஒவ்வொரு கோடும் அவளை ஒரு அடி பக்கத்தில் கொண்டுவருவதுபோல இருந்தது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால்தான் தண்ணீர் தூரமாய்ப் பாயும், போர்ட்டை அளவுக்கு மீறி அகலமாக்கினால் காற்றின் வேகம் செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? கை நிற்கவில்லை. கடைசியில், இருபத்திரண்டு வருஷத்தில் பார்க்காத உயரத்துக்குத் தண்ணீர் ஏறி நின்றது.

மூன்று மணிக்கு போனை ஹெட்டின் பக்கத்தில் வைத்து மோட்டாரைப் போட்டார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போர்ட்டின் வாயை மூடித் திறக்கும் வால்வைப் பாதி மட்டும் திறந்து வைக்கச் சொன்னாள். வைத்தார்.

"ரொம்ப அகலமாயிடுச்சுங்க. காத்து சோம்பிப்போய் வருது."

"நாலு வருஷமா பக்கத்துலயே இல்லாதவளுக்கு அங்க இருந்து என்ன தெரியும்?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவர் எழுந்துவிட்டார் என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

அணி ஓட்டிப் பார்த்தது. நேர்ச்சாலையில் பறக்கிறது, வளைவில் திரும்பி எழும்போது மட்டும் அழுது அடம்பிடிக்கிறது என்றான் வண்டி ஓட்டுகிறவன். பந்தயமே வளைவில்தான் இருக்கிறது. அணியின் மேலாளர் இன்னொரு புது ஹெட்டைக் கொடுத்து எட்டு நாள் தவணை சொன்னார். பழையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், காகிதம் பறக்காமல் இருக்க உதவும் என்றார்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். அடுத்த நாள் மூன்று மணிக்கு, "சத்தம் கேக்குதா?" என்று மட்டும் கேட்டார். கேட்கிறது என்றாள். எட்டு நாளும் அப்படித்தான். அவள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார், வளைவில் மட்டும் உப்புத்தாள் போடச் சொன்னால் வளைவில் மட்டும் போட்டார். எட்டாம் நாள் தண்ணீர் முந்திய ஹெட்டைவிட நாலு கோடு கீழேதான் நின்றது. ஆனால் சத்தம் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி ஒரே சீராக இருந்தது. இதுதான் என்றாள் அவள்.

இதுவேதான் என்றது அணியும். எல்லா ஹெட்டும் அவருக்கே. மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. காத்துக்காரர் படுக்கையறைக்கு வெள்ளையடித்தார். கண்ணாடிக் குழாயின் முன்னால் அவள் உட்காரும் நாற்காலியின் ஆடுகிற காலை ஆணியடித்துச் சரிசெய்தார். மூன்று மணிக்கு போன் வந்ததும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி, பெட்டியைக் கட்டு என்றார்.

"கையெழுத்துப் போட்டுட்டேங்க."

"எப்போ?"

"மொத ஹெட்டு சத்தம் கேட்டேனே, அன்னைக்கு சாயங்காலமே. இங்க பதில் சொல்லச் சொல்லி நெருக்குனாங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இது நடக்காதுன்னு காதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு எட்டு நாளும் உக்காந்து கேட்ட?"

"உங்க வேலை நல்லா வரணும்ல."

இன்னும் இரண்டு வருஷம். அவள்மேல் கோபப்படப் பார்த்தார், முடியவில்லை. அவள் காது தப்பு செய்யவில்லை. சீவித் தள்ளிய அலுமினியத்தைத் திரும்ப ஒட்டவைக்க அவருக்கு மட்டுமல்ல, யாருக்கும் வழி தெரியாது.

மறுநாள் அணியின் ஹெட்டுகள் இன்னும் வந்து சேரவில்லை. மூன்று மணிக்கு போன் அடித்தது. அவர் காகிதங்களின் மேலிருந்த பழைய ஹெட்டை எடுத்துப் பெட்டியில் பொருத்தி, பக்கத்தில் போனை வைத்து மோட்டாரைப் போட்டார்.

"கெட்டுப்போன அந்த ஹெட்டுதானே?"

"ஆமா. நிறுத்தவா?"

"வேண்டாம். பெரியவர் எழுந்திரிக்கிற வரைக்கும் ஓடட்டும்."