அக்கா போனில் முதலில் வந்தது

கேமராவைக் காட்டி வாயால் கேட்டாலே தேடித் தரும் வசதி, நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் முதலில் பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காவின் போனில்தான் வந்தது. அக்காவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். எனக்குக் குறிஞ்சிப்பாடி. இரண்டு பேர் வீட்டுக்காரருக்கும் மைன்ஸில் வேலை. அவர்கள் ஷிஃப்டுக்குப் போன நேரமெல்லாம் எங்களுடையது.

அன்றைக்கு வேலியோரமாக நின்று கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. இந்தக் கொடி என்னன்னு போனைக் கேக்கேன், பேரு சொல்லுது பாரு."

இலையைக் காட்டினால் ஒரு பேர் சொன்னது. பூவைக் காட்டினால் வேறொன்று. காயைக் காட்டியபோது மூன்றாவதாக ஒன்று. வயிறு வலிக்கச் சிரித்தோம். உள்ளே ஓடி என் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் அந்தக் கேமராக் குறியே இல்லை.

சென்னையில் வேலை பார்க்கும் மகளிடம் கேட்டேன்.

"ஒரே நாள்ல எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்கம்மா. கொஞ்ச பேருக்குக் குடுத்துப் பாத்துட்டு, அப்புறமா மத்தவங்களுக்கு விடுவாங்க."

"அந்தக் கொஞ்ச பேர்ல பக்கத்து வூட்டு அக்கா மட்டும் எப்படிடி?"

அவளுக்கும் தெரியவில்லை. அப்டேட் போட்டேன். அணைத்துப் போட்டேன். வரவில்லை.

அதனால் அக்கா போனே எங்கள் இருவருக்கும் பொதுவாயிற்று. சாயங்காலம் நடக்கப் போகும்போது வழியில் கண்டதையெல்லாம் காட்டிக் கேட்போம். மரத்தில் உட்கார்ந்த குருவி, கல்யாணத்தில் யாரோ கட்டியிருந்த சேலையின் போட்டோ, என் கையில் வந்த தடிப்பு. "உனக்கும் வந்துரும் பாத்துக்கோ" என்று அக்கா சொல்லும்போதெல்லாம், வராவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் இருக்கும்.

அக்கா வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சொந்த ஊருக்கே போவதென்று லாரியில் சாமான் ஏற்றிய அன்று அக்கா அழவில்லை. என் சமையலறைக்கு வந்து, நின்றபடியே காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சில மாதம் கழித்து, மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டு நிற்கும்போது பார்த்தேன். என் போனில் அந்தக் குறி வந்திருந்தது. எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. கீரையைக் காட்டினேன். சரியாகவே சொன்னது. பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"எனக்கும் வந்துடுச்சுக்கா."

"இப்பதான் வருதாக்கும்? எனக்கு இங்க அடுத்தது வந்துட்டு. எதிர்ல உக்காந்து பேசுத மாதிரியே பேசுதுட்டி."

எப்போதும் எனக்கு ஒரு படி முன்னால்தான் அக்கா.

"அதுகிட்ட என்னக்கா பேசுறீங்க?"

"நெய்வேலில இன்னைக்கு மழையான்னு கேட்பேன்."

"தினமுமா?"

"ம்."

"என்னைக் கேக்கலாமில்ல?"

"தினமும் உன்னைய என்னன்னு கூப்பிட்டுக் கேக்கது? உனக்கு வேலை இருக்காதா?"

வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். "மழை இல்லக்கா, மேகம் மட்டும் கூடியிருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு நானே கூப்பிடுகிறேன். இவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுத்ததும் போனை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன். காற்று அடிக்கிறதா, தூறுகிறதா, எல்லாம் சொல்வேன். சில நாள் சொல்ல ஒன்றுமே இருக்காது.

"வெயில்தாங்க்கா" என்பேன்.

"எப்படி வெயிலுட்டி?" என்று கேட்பார்.