மகள் அறையில் மீன்

ஒரு ஆம்பிளை நாலு பைக் வாங்கி வாசலில் அடுக்கினால் ஆசைக்காரர் என்பார்கள். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை ஒருத்தி ஆறடிக் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்த்தால் மட்டும் ‘ஏன்?’ என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் கேட்காதவர் இல்லை. நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. பிடிக்கும், அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் எங்கள் வீடு சின்னது. ஒரு ஹால், சமையல்கட்டு, எங்கள் படுக்கையறை, அப்புறம் மகளின் அறை. மகள் கல்யாணமாகி சேலம் போன பிறகு அந்த அறையில் மழை நாளில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதில் ஒரு பகுதியை இடித்துத் தொட்டியைப் பொருத்தினால் ஹாலில் உட்கார்ந்து மீனைப் பார்க்கலாம். மோட்டார், குழாய், டிரம் எல்லாம் பின்னால் அறைக்குள் அடங்கிவிடும். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் பேப்பரைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“பொண்ணு பிரசவத்துக்கு வந்தா எங்க படுக்க வைப்ப?”

“வர்றப்ப பாத்துக்கலாம்.”

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என்றைக்கோ வரப்போகிற பிரசவத்துக்காக ஒரு அறையைப் பூட்டி வைத்துக் கும்பிட என்னால் முடியாது. கட்டிலைப் பிரித்து விற்றோம். அவள் சுவரில் ஒட்டியிருந்த படங்களைச் சுரண்டி எடுத்தேன். போனில் சொன்னபோது, “உன் இஷ்டம்மா” என்றாள். அந்த ‘உன் இஷ்டம்’ எந்த மாதிரியானது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கொத்தனார் தரையில் டைல்ஸ் போட்டு முடித்து, ரசமட்டம் வைத்து, “பாருங்க மேடம், ஒரு நூல் கூட ஏறல இறங்கல” என்று பெருமையாகக் காட்டினார். நான் கேட்டதோ வாட்டம். எந்தத் தண்ணீர் கொட்டினாலும் மூலையில் இருக்கிற ஓட்டைக்குத் தானாக ஓட வேண்டும். மறுபடி உடைத்துப் போடச் சொன்னேன். பிளம்பர் அவர் பங்குக்குப் பித்தளை வால்வு ஒன்றை மாட்டிவிட்டு, “இதுதான் மேடம் காலத்துக்கும் வரும்” என்றார். பித்தளையில் செம்பு இருக்கிறது. அது உப்புத் தண்ணீரில் கொஞ்சம் கரைந்தாலே இறாலும் கடல் சாமந்தி மாதிரி உயிர்களும் செத்துப் போகும். அதையும் கழற்ற வைத்தேன். மேடம் ஒரு மாதிரி என்று இரண்டு பேரும் டீக்கடையில் பேசிக்கொண்டதாக வீட்டுக்காரர் வந்து சொன்னார், சந்தோஷமாக.

ஸ்விட்ச் போர்டுகளைத் தலைக்கு மேலே ஏற்றினேன். இரும்பு ஸ்டாண்டை வேண்டாமென்று சொல்லி செங்கல் மேடையே கட்டினேன், உப்புக் காற்றில் இரும்பு அப்பளமாக உதிர்ந்துவிடும். தொட்டிக்குக் கீழே வடிகட்டும் தொட்டி ஒன்று, பக்கத்தில் நீல டிரம்கள். பழைய தண்ணீரை வெளியே விடும் வால்வுக்குச் சிவப்புப் பெயிண்ட், டிரம்மிலிருந்து புதுத் தண்ணீர் ஏற்றும் வால்வுக்கு நீலப் பெயிண்ட் அடித்தேன். நான் இல்லாத நாளில் வீட்டுக்காரர் குழம்பக் கூடாதே என்றுதான். அவர் கடைசி வரை அந்த வால்வுகள் பக்கமே போகவில்லை என்பது வேறு விஷயம்.

ஸ்கிம்மர் என்று ஒரு மெஷின் உண்டு. அது காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் நுரை கிளப்பும். மீனின் அழுக்கெல்லாம் அந்த நுரையில் ஒட்டி மேலே உள்ள கப்பில் சேரும். ஏசி போட்டு மூடிய அறையில் காற்று கெட்டுப்போவதால் தண்ணீரின் தன்மையும் மாறிக்கொண்டே இருந்தது. மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஸ்கிம்மருக்கு வெளிக்காற்று கொடுங்கள் என்றார். சுவரில் துளை போட்டு ஒரு டியூபைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனேன். துவைக்கிற கல்லுக்கு மேலே, தகரக் கூரைக்கு அடியில் அதன் வாய் தொங்கியது. பூச்சி போகாமல் சின்ன வலை கட்டினேன். அதற்கப்புறம் தண்ணீர் சீராகிவிட்டது. அன்றிலிருந்து அந்த டியூபை நான் மறந்தும் விட்டேன்.

தண்ணீர் கடலூரிலிருந்து வந்தது. கரையோரத்துத் தண்ணீர் கலங்கல், ஆறு வந்து சேருகிற இடத்தில் உப்பும் குறைவு. அதனால் கடலூர் பக்கத்து மீனவர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தேன். படகில் போகும்போது நடுக்கடலில் கேன்களை நிரப்பிக்கொண்டு வருவார். நான் குட்டியானை வண்டி பிடித்துப் போய் ஏற்றிக்கொண்டு வருவேன். முதல் முறை கேன்களைக் கொடுத்தபோது அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

“இத்தினி நாளா மீனப் புடிச்சு தண்ணியக் கடல்லியே வுட்டுட்டு வந்தேன்க்கா. இப்ப தண்ணியப் புடிக்கிறேன்.”

தண்ணீர் நிலைப்பட்ட பிறகு சென்னையிலிருந்து மீன்களை வரவழைத்தேன். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி, ஒரு மஞ்சள் மீன், நீல மீன்கள் கொஞ்சம், பூ மாதிரி விரியும் கடல் சாமந்தி ஒன்று. கோமாளி ஜோடி சாமந்திக்குள் குடித்தனம் போட்டன. ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அந்த அறைக்குத்தான் போவேன். சமையல் தாமதமாகும். வீட்டுக்காரர் பழகிக்கொண்டார், அல்லது பழகிக்கொண்டது போல இருந்தார்.

அடுத்த ஆண்டே மகள் உண்டானாள். வளைகாப்பு முடிந்து அவளைக் கூட்டிவரப் போனபோது சம்பந்தியம்மா மகளின் கை நிறைய இருந்த கண்ணாடி வளையல்களைப் பார்த்துக்கொண்டே, “அவ ரூமுக்கு ஏசியெல்லாம் போட்டிருக்கீங்களாமே, மீனுக்கு” என்றார். ‘மீனுக்கு’ என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். நான் சிரித்து வைத்தேன்.

எங்கள் படுக்கையறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். புது மெத்தை, புதுத் திரை. நாங்கள் ஹாலில் பாய் போட்டுக்கொண்டோம். ஒரு வாரம் கூட ஆகியிருக்காது, அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள்.

“ஏன்டி, காத்து வரலியா?”

“அது உங்க ரூமும்மா. தூக்கம் வரல.”

“இதுவும் உன் வீடுதான?”

“வீடுதான். ரூமு இல்ல.”

கோபம் வந்தது. வாயும் வயிறுமாக இருப்பவளிடம் என்ன சண்டை போடுவது என்று அடக்கிக்கொண்டேன். தொட்டியை எடுக்க முடியாது, எடுத்தால் மீன் சாகும். எடுக்க எனக்கு மனசும் இல்லை. இரண்டும் அவளுக்குத் தெரியும். ஹாலில் ஒரு கட்டில் போட்டோம், வேறு இடமில்லாததால் தொட்டிக்கு எதிரே. நான் உள்ளே வேலை செய்யும்போது கண்ணாடி வழியாக அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருப்பது தெரியும். அவள் மீனைப் பார்க்கிறாளா என்னைப் பார்க்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது. ஸ்கிம்மர் கப்பைக் கழுவினேன், இன்றைக்கு உப்பு சரியாக இருக்கிறது, வாடையை உறிஞ்சும் கரிப் பையை மாற்ற வேண்டும் என்று நான்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். “ம்” என்பாள்.

கார்த்திகை மழையில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். உதவிக்கு என் நாத்தனார் வந்திருந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. பிள்ளை பெற்றவள் பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, காதில் பஞ்சு இல்லாமல் வெளியே வரக் கூடாது என்று அண்ணியின் சட்டங்கள் ஏராளம். எனக்கு அவற்றில் பாதியில் நம்பிக்கை இல்லை.

தொப்புள் கொடி விழுந்து குழந்தைக்கு முதல் தலைக்குளியல் என்று வைத்த அன்று காலையில்தான் மீனவரிடமிருந்து போன் வந்தது.

“இன்னிக்குதான்க்கா கடல் அடங்கிச்சு, போய்ட்டு வந்துட்டேன். நாளைக்கு மறுக்கா காத்து புடிக்கும்ன்றாங்க. வர்றதுனா இப்பவே வாங்க.”

மழையில் படகு போகாமல் என்னிடம் ஒரே ஒரு டிரம் தண்ணீர்தான் மிச்சமிருந்தது. கிளம்பினேன். மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இன்னிக்கு குட்டிக்கு மொத தல தண்ணிம்மா. இன்னிக்கேவா போவணும்?”

“கடல் நம்மளக் கேட்டா அடங்குது?”

இன்றைக்கும் சொல்கிறேன், நான் சொன்னதில் தப்பில்லை. தண்ணீர் கிடைக்கிற நாளில்தான் எடுக்க முடியும். ஆனால் அவள் முகம் விழுந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் போனேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணியிடம் சொன்னேன்:

“அண்ணி, குளிப்பாட்டிட்டு சாம்பிராணிய ஹால்ல போடாதீங்க. பொக மீனுக்கு ஆவாது. கொல்லப்பக்கம் போட்டுக்குங்க.”

“நல்ல வூடு. மனுசங்கள விட மீனுக்குதான் இங்க மருவாதி ஜாஸ்தி” என்றார் அண்ணி.

கேன்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, வண்டி புதுச்சத்திரம் தாண்டியதும் மகளிடமிருந்து போன்.

“ம்மா, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது.”

“கரன்ட் இருக்கா? மோட்டார் ஓடுதா?”

“எல்லாம் ஓடுது. ஸ்கிம்மர்தான் நொர பொங்கி, கப்பு வழிஞ்சு தரையெல்லாம் ஊத்துது.”

“டெம்பரேச்சர் எவ்ளோ காட்டுது? சாமந்தி விரிஞ்சிருக்கா சுருங்கியிருக்கா?”

“சுருங்கிடுச்சி.”

“மஞ்ச மீனு?”

“குட்டி குளிச்சிட்டா. அழுவல” என்றாள். போன் கட்டாகிவிட்டது.

குழந்தையைப் பற்றி நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வண்டிக்காரர் வேகமாக ஓட்டினார், கேன்கள் பின்னால் இடித்துக்கொண்டே வந்தன. நுரை ஏன் பொங்க வேண்டும்? தண்ணீரில் எண்ணெயோ மருந்தோ சேர்ந்தால் பொங்கும். மூடிய அறைக்குள் யார் போய்க் கொட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். குழந்தை குளித்துவிட்டது என்றாளே, சாம்பிராணியைக் கொல்லைப்பக்கம் போடச் சொன்னேனே என்று நினைத்த பிறகுதான், துவைக்கிற கல்லுக்கு மேலே தொங்குகிற டியூப் கண்ணுக்குள் வந்தது. தணலில் சாம்பிராணி போட்டு, குழந்தையை மடியில் வைத்துத் தலை காயவைக்க அண்ணி உட்காரக்கூடிய நிழல் அந்தத் தகரக் கூரை ஒன்றுதான். ஹாலில் போட்டிருந்தால் மூடிய கதவு புகையைத் தடுத்திருக்கும். நானே அதை அங்கே அனுப்பி, ஸ்கிம்மரை உறிஞ்ச வைத்திருக்கிறேன்.

மகளுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வீட்டுக்காரரும் எடுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் ஹாலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார், சாம்பிராணி வாசனையோடு. அண்ணி அறை வாசலில் நின்று, “சொன்னா கேக்கறாளா இவ” என்று கத்திக்கொண்டிருந்தார். மகள் அறைக்குள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். நைட்டியின் கைகளைச் சுருட்டி, கீழ்த்தொட்டிக்குள் முழங்கைக்கு மேலே கையை விட்டிருந்தாள். ஸ்கிம்மரின் மோட்டார் கழற்றித் தரையில் கிடந்தது. சிவப்பு வால்வைத் திறந்து பழைய தண்ணீரைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டு மூடியிருந்தாள். நீல வால்வு திறந்திருந்தது, கடைசி டிரம்மின் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கையில் புதுக் கரிப் பை இருந்தது, அதைத் தண்ணீர் ஓடுகிற வழியில் செருகிக்கொண்டிருந்தாள். தரையில் கொட்டியதெல்லாம் வாட்டத்தில் ஓடி மூலைக்குப் போயிருந்தது.

“நொரையில சாம்பிராணி வாசன வந்துச்சும்மா. டியூபப் புடுங்கிட்டேன்” என்றாள் திரும்பாமல். “கோமாளி ரெண்டும் கீழ எறங்கிடுச்சி. மஞ்ச மீனுதான் சாஞ்சே கெடக்குது. அது பொழைக்காது போல.”

தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் ஓடி வந்தேன். ஆனால் கண்ணில் பட்டது அவள் கைதான். ஈரத்தில் வெளுத்து, விரல் நுனி சுருங்கி, உதடு லேசாக நடுங்கிக்கொண்டு, பிள்ளை பெற்ற உடம்போடு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தை இவ்வளவு அவ்வளவு என்று சொல்ல முடியாது. நம்பிக்கையில்லாத சட்டங்களெல்லாம் ஒரே நேரத்தில் என் வாயில் வந்தன.

“எந்திரிடி முதல்ல! மீனு செத்தா சாவுது. உன்ன எவ பச்சத் தண்ணியில கை வைக்கச் சொன்னா? ஜன்னி கண்டா என்ன பண்றது? பச்ச ஒடம்புக்காரி நீ, அறிவிருக்கா?”

என் புடவைத் தலைப்பை எடுத்து அவள் கையை நானே துடைக்க ஆரம்பித்தேன். துடைக்கத் துடைக்கத் திட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு என்னையே பார்த்தாள்.

“ம்மா, இன்னொரு தபா சொல்லு.”

“என்னத்த?”

“மீனு செத்தா சாவுதுன்னு சொன்னியே. அத.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய கட்டில் தெரிந்தது. இத்தனை மாதமும் அங்கே படுத்துக்கொண்டு இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்திருக்கிறாள். அவள் கையை விடாமல் இன்னொரு முறை சொன்னேன்.