கோமளா மேடத்தின் கடைசிச் சோதனை

கோமளா மேடம் காலமான செய்தியை அவர் மகன் ஸ்ரீதர் போனில் சொன்னபோது, கைலாசபுரம் வீட்டில் டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன். கலக்கத் தோன்றவில்லை. அது கரைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்குத் தொற்றவைத்த பழக்கம்தான் அது.

தொழிற்சாலையின் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். பாய்லருக்குப் போகும் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் மேடத்துக்கு அதே யோசனைதான். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் இருக்கும். கற்கண்டு, புளி, திருமண் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அதில் விழும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அது வெள்ளையாக இருந்தது. மோர் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். கட்டிப் பெருங்காயம்! நான் இருமித் தவிக்கிறேன், அவரோ தம்ளரைச் சாய்த்துப் பார்க்கிறார்.

“அடியில மிச்சம் இருந்துதா ஸ்டெல்லா? நேத்திக்குத்தான் போட்டது, முழுசாக் கரைஞ்சிருக்காதே! நன்னா யோசிச்சுச் சொல்லு.”

அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் எனக்கும் ஒரு தம்ளர் வாங்கி வந்திருந்தார்.

ஓய்வுபெற்று ஸ்ரீரங்கத்தில் இருந்தவர், சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நான் பார்க்கப் போன அன்று, நர்ஸ் தண்ணீரில் நுரைக்கும் மாத்திரையைப் போட்டுக் கொடுத்தால் குடிக்கவேண்டாமா?

“இது கரையறதா, தண்ணியோட சண்டை போடறதா?”

“முதல்ல குடிங்க மேடம்” என்று அதட்டினேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அஸ்தியைக் காவேரியில கரைக்கறதுன்னு சொல்றா. நிஜமா எவ்வளவு கரையும்? யாரும் நின்னு பாக்கறதில்லை, அழுதுண்டே திரும்பிடறா. என்னோடதை நீ பாரு. அழாம பாரு.”

மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தவித்தேன். அம்மா மண்டபம் படித்துறையில் வாத்தியார் வேறு அவசரப்படுத்தினார். கலசத்தைக் கவிழ்க்கப்போன ஸ்ரீதர் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“ஆன்ட்டி, கீழ்ப்படிக்கு வாங்கோ. அம்மா எங்கிட்டயும் சொல்லியிருக்கா.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொட்டினான்.

பார்த்தேன், மேடம். பொடி மேலே மிதந்து தண்ணீரோடு போனது. கலங்கல் சற்று நின்று தெளிந்தது. வெள்ளைத் துண்டுகள் கரையவில்லை, நேராக அடிக்குப் போயின. அதற்குமேல் கண்ணீர் மறைத்துவிட்டது. உங்கள் சோதனையைப் பாதியில் விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போய் வாருங்கள்.